மூன்று பிளேயர், ஒரு தாள மெஷின், விடியும் வரை ஆட்டம்: அறுபதைத் தாண்டியும் அசராத டெக்னோ டிஜே ஜெஃப் மில்ஸ்!

'டிஜே' என்றதும் நம் நினைவுக்கு வருவது கல்யாண ரிசப்ஷன்தான். மேடை ஓரத்தில் ஒரு லேப்டாப், தலையில் ஹெட்போன், கையில் மைக். யாராவது போய்க் காதில் பாட்டுப் பெயரைச் சொன்னால், அடுத்த நிமிடம் அது ஒலிக்கும். சித்தப்பாக்கள் கர்ச்சீப்பைச் சுழற்றுவார்கள். மண்டபத்துக்காரர் வந்து மணியைக் காட்டினால் கடை கட்டியாயிற்று.

ஜெஃப் மில்ஸும் டிஜேதான். ஆனால், அவரிடம் போய்ப் பாட்டுக் கேட்க முடியாது. அவர் கையில் மைக் இருக்காது. அவர் போடும் இசையில் பெரும்பாலும் பாடல் வரியே இருக்காது. நள்ளிரவு தாண்டித்தான் மேடைக்கு வருவார். அதன் பிறகு ஒரு நொடிகூட இடைவெளி விடாமல் மணிக்கணக்கில் தாளம் ஓடிக்கொண்டே இருக்கும். பெர்லின், லண்டன், பாரிஸ், டோக்கியோ என்று எந்த ஊரில் அவருடைய அடுத்த இரவு அறிவிக்கப்பட்டாலும், இருபது வயதுப் பிள்ளைகளும், அவரை இருபது வயதில் கேட்டு இப்போது தலை நரைத்துவிட்டவர்களும் ஒரே வரிசையில் நிற்பார்கள்.

1963-ம் ஆண்டு ஜூன் 18-ல் பிறந்தவர் மில்ஸ். நாற்பது வருடங்களுக்கும் மேலாக இதே வேலை. 'பட்டன் அமுக்குவதற்கு இவ்வளவு பெயரா?' என்று நம் வீட்டுப் பெரியவர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். அதற்கான பதில் அவருடைய கைகளில் இருக்கிறது.

அந்த இரவில் என்ன நடக்கும்?

மில்ஸ் வாசிக்கப்போகும் மேஜையைப் பாருங்கள். மூன்று பிளேயர்கள், சில இரவுகளில் நான்கு. நடுவில் எல்லாவற்றையும் இணைக்கும் மிக்ஸர். கைக்கெட்டும் தூரத்தில், பழைய டைப்ரைட்டர் அளவுக்கு ஒரு சாம்பல் நிறப் பெட்டி. அதன் பெயர் டிஆர்-909. அதைப் பற்றிப் பின்னால் பார்ப்போம்.

முதல் பிளேயரில் ஓர் இசைத் துண்டு ஓடிக்கொண்டிருக்கும். அரங்கில் இருப்பவர்கள் அதற்கு ஆடிக்கொண்டிருப்பார்கள். மில்ஸின் ஒரு காதில் ஹெட்போன். அதில் கேட்பது அரங்குக்கு இன்னும் வராத அடுத்த துண்டு. இரண்டும் ஒரே வேகத்தில் ஓட வேண்டும். வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் பிளேயரின் ஓரத்தில் ஒரு நழுவுபட்டை உண்டு. அதை ஒரு மயிரிழை நகர்த்தினால்கூடத் தாளம் மாறும்.

ஒரே உரலில் இரண்டு பேர் மாற்றி மாற்றி உலக்கை போட்டதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். ஒருவர் கை அரை நொடி பிசகினால் உலக்கையும் உலக்கையும் மோதும். டிஜே மேஜையிலும் அப்படித்தான். இரண்டு தாளங்கள் ஒன்றின் மேல் ஒன்று சரியாக உட்கார்ந்தால் மூன்றாவதாக ஒரு புதுத் தாளம் பிறக்கும். பிசகினால் கதவு காற்றில் அடித்துக்கொள்வது போல 'தடக் தடக்' என்று அரங்கம் முழுக்கக் கேட்கும். அதை மறைக்க வழியே கிடையாது.

மற்றவர்கள் இரண்டு துண்டுகளை இணைத்துவிட்டுச் சற்று மூச்சு வாங்குவார்கள். மில்ஸ் மூன்றை ஒன்றாக ஓட்டுவார். ஒன்றின் அடித்தாளத்தை எடுத்துவிடுவார், இன்னொன்றின் மேல்ஸ்தாயியை மட்டும் உள்ளே விடுவார், மூன்றாவதை ஒரு நிமிடத்துக்குள் வெளியே அனுப்பிவிடுவார். நான்கைந்து நிமிடம் ஓட வேண்டிய இசைத்தட்டில் தனக்குத் தேவையான நாற்பது நொடியை மட்டும் எடுத்துக்கொள்வார். கைகள் அந்த வேகத்தில் ஓடும்போதும் முகத்தில் பரபரப்பு தெரியாது. சிரிப்பதும் குறைவு, கூட்டத்தைப் பார்த்துக் கையை உயர்த்துவதும் குறைவு. தையல் மெஷினில் குனிந்திருக்கும் டெய்லரின் கவனம்தான் இருக்கும்.

கார் நகரத்தின் பிள்ளை

மில்ஸ் பிறந்த ஊர் அமெரிக்காவின் டெட்ராய்ட். ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ், கிரைஸ்லர் என்று உலகத்துக்கே கார் செய்து கொடுத்த ஊர். தெற்கு மாநிலங்களில் இனவெறியாலும் வறுமையாலும் வாடிய கறுப்பினக் குடும்பங்கள், தொழிற்சாலை வேலையை நம்பிக் கூட்டம் கூட்டமாக வந்து குடியேறிய ஊர். 1950-ல் அங்கே மக்கள்தொகை 18 லட்சத்துக்கும் மேல்.

பிறகு சரிவு தொடங்கியது. 1967-ல் வெடித்த கலவரத்தில் 43 பேர் இறந்தார்கள். அப்போது மில்ஸுக்கு நான்கு வயது. வசதியான வெள்ளையர்கள் புறநகர்களுக்குப் போனார்கள். தொழிற்சாலைகள் இடம் மாறின. மிச்சமிருந்த ஆலைகளில் ரோபோ கைகள் வந்து இறங்கின. டெட்ராய்டின் இசைப் பெருமையான மோடவுன் நிறுவனம்கூட 1972-ல் லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் குடிபெயர்ந்தது. 2013-ல் நகராட்சியே திவாலானதாக அறிவித்தது. 2020 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 6 லட்சத்து 39 ஆயிரம்.

இந்தக் காலி ஊரில் வளர்ந்த கறுப்பின இளைஞர்களின் கையில் 80-களில் சில எலெக்ட்ரானிக் கருவிகள் கிடைத்தன. அப்பாக்களின் வேலையை மெஷின் பறித்தது. பிள்ளைகள் அதே மெஷினை வைத்து இசை செய்தார்கள். ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் என்ற மூன்று பள்ளித் தோழர்களை இந்த இசையின் முன்னோடிகள் என்பார்கள். ஒரு பக்கம் ஜெர்மனியின் கிராஃப்ட்வெர்க் குழு, இன்னொரு பக்கம் கறுப்பின ஃபங்க் இசை. இரண்டையும் கலந்து அவர்கள் சமைத்த புதுச் சுவைக்கு 'டெக்னோ' என்று பெயர் வந்தது. 1988-ல் பிரிட்டனில் வெளியான ஒரு தொகுப்பு இசைத்தட்டு, தலைப்பிலேயே அந்தப் பெயரைத் தாங்கிவந்து உலகத்துக்கு அறிமுகப்படுத்தியது.

இந்த வரலாற்றை இங்கே நினைவுபடுத்தக் காரணம் இருக்கிறது. இன்று 'டெக்னோ' என்றால் பெரும்பாலானவர்கள் ஐரோப்பாவைத்தான் நினைக்கிறார்கள். 2024-ல் பெர்லினின் டெக்னோ கலாசாரத்தை ஜெர்மனி தன் தேசிய மரபுக் கலைப் பட்டியலில் சேர்த்தது. பெர்லினுக்குத் தகுதியான மரியாதைதான். ஆனால், குழந்தை பிறந்த வீடு டெட்ராய்ட் என்பதை நினைவூட்ட யாராவது வேண்டுமே? மில்ஸ் ஏறும் ஒவ்வொரு மேடையும் அந்த வேலையையும் சேர்த்தே செய்கிறது.

ரேடியோவில் ஒரு 'மந்திரவாதி'

80-களில் டெட்ராய்ட் பிள்ளைகள் ராத்திரியானால் ரேடியோவைச் சத்தம் குறைத்துத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வார்கள். 'தி விஸார்ட்' நிகழ்ச்சிக்காக. விஸார்ட் என்றால் மந்திரவாதி. ஹிப் ஹாப், ஃபங்க், சிகாகோவின் ஹவுஸ், ஐரோப்பாவின் எலெக்ட்ரானிக் இசை என்று எல்லாவற்றையும் வெட்டி, ஒட்டி, தேய்த்து, மின்னல் வேகத்தில் ஓட்டிக்காட்டுவார் அந்த ஆள். ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை இரண்டு பிளேயரில் வைத்து, இரண்டு நொடித் துண்டை இப்படியும் அப்படியும் தாவவிடுவார். கேட்டவர்களில் பலருக்கு அவர் யார், எப்படி இருப்பார் என்பதே தெரியாது. டெட்ராய்டின் இரண்டு எஃப்.எம் நிலையங்களில் அடுத்தடுத்து வேலைபார்த்த அந்த மந்திரவாதிதான் இளைஞர் ஜெஃப் மில்ஸ்.

அந்த ரேடியோ நாள்கள்தான் அவருக்கு குருகுலம். நேரம் கொஞ்சம், சொல்ல வேண்டியது அதிகம். எது தேவை, எது தேவையில்லை என்று காது உடனே முடிவு செய்ய வேண்டும். இன்று அறுபது வயதைத் தாண்டியும் அவர் கைகள் காட்டும் வேகம் அங்கே பழகியதுதான்.

முகம் காட்டாத படை

80-களின் முடிவில் மைக் பேங்க்ஸ் என்ற இசைக்கலைஞருடன் சேர்ந்து 'அண்டர்கிரவுண்ட் ரெசிஸ்டன்ஸ்' என்ற குழுவைத் தொடங்கினார் மில்ஸ். ராபர்ட் ஹூட் விரைவிலேயே அதில் சேர்ந்தார். பெயரைப் போலவே அது ஒரு போராட்டக் குழுவின் தோரணையில் இயங்கியது. முகத்தை மறைத்துக்கொண்டு மேடை ஏறினார்கள். பெரிய இசை நிறுவனங்களிடம் போகவில்லை. தாங்களே இசையமைத்து, தாங்களே இசைத்தட்டு அச்சடித்து, தாங்களே விற்றார்கள்.

இதற்குப் பின்னால் கசப்பான அனுபவம் இருந்தது. கறுப்பினக் கலைஞர்கள் பாட்டுப் போட, உரிமையும் பணமும் வேறு யாரிடமோ போய்ச் சேர்வது அமெரிக்க இசையில் பல தலைமுறைகளாக நடந்த கதை. டெக்னோவுக்கும் அது நடந்துவிடக் கூடாது என்று இவர்கள் நினைத்தார்கள். முகம் தெரியாவிட்டால் பரவாயில்லை, சொத்து கைவிட்டுப் போகக் கூடாது. குழு இன்றும் டெட்ராய்டில் இருக்கிறது. அவர்களுடைய கட்டடத்தில் டெக்னோவுக்கென்று ஒரு சிறிய அருங்காட்சியகமும் இருக்கிறது.

90-களின் தொடக்கத்தில் மில்ஸ் அந்தக் குழுவிலிருந்து விலகி நியூயார்க் போனார். 1992-ல் 'ஆக்ஸிஸ்' என்ற தன் சொந்த இசை நிறுவனத்தைத் தொடங்கினார். முப்பது வருடங்களைக் கடந்தும் அது அவர் கையில்தான் இருக்கிறது. மைக் பேங்க்ஸிடம் இருந்து பிரிந்தாலும், 'உன் இசைக்கு நீயே முதலாளி' என்ற பாடத்தை அவர் விட்டுவிடவில்லை.

பெட்டக அறையில் பிறந்த புது வாழ்வு

1989 நவம்பரில் பெர்லின் சுவர் விழுந்தது. கிழக்கு பெர்லினில் யாருக்குச் சொந்தம் என்றே தெரியாமல் நூற்றுக்கணக்கான கட்டடங்கள் காலியாகக் கிடந்தன. பல ஆண்டுகளாகச் சுவரால் பிரிந்திருந்த இளைஞர்கள் அங்கே ஒன்றுகூடி ஆடத் தொடங்கினார்கள். போருக்கு முன் புகழ்பெற்றிருந்த வெர்ட்ஹைம் பல்பொருள் அங்காடியின் இடிபாடுகளுக்கு அடியில், துருப்பிடித்த லாக்கர்களோடு ஒரு பெட்டக அறை இருந்தது. 1991 மார்ச்சில் அதை கிளப்பாக்கினார்கள். பெயர் 'டிரேஸர்'. ஜெர்மன் மொழியில் பெட்டகம் என்று பொருள்.

அந்த கிளப் சொந்தமாக இசைத்தட்டு வெளியிட ஆரம்பித்தபோது, முதல் தட்டே டெட்ராய்ட் அண்டர்கிரவுண்ட் ரெசிஸ்டன்ஸ் குழுவுடையது. மில்ஸின் முதல் தனி ஆல்பமும் 1992-ல் அங்கிருந்துதான் வந்தது. தாழ்ந்த கூரை, ஈரம் சொட்டும் சுவர், கண்ணைக் குருடாக்கும் புகை. அந்த இடத்துக்கு மென்மையான இசை பொருந்தாது. மில்ஸின் அன்றைய இசை இரும்புப் பட்டறை மாதிரி கடுமையாக, வேகமாக இருந்தது. இரண்டும் கச்சிதமாகப் பொருந்தின.

யோசித்துப் பார்த்தால் ஆச்சர்யம்தான். ஆலைகள் மூடிக் காலியான ஊரில் பிறந்த இசை, சுவர் விழுந்து காலியான ஊரில் போய்ப் புது வாழ்வு பெற்றது. சொந்த ஊரில் சில நூறு பேர் கேட்ட கலைஞருக்கு, கடல் கடந்த ஊரில் ஆயிரக்கணக்கானவர்கள் கூடினார்கள். பழைய டிரேஸர் 2005-ல் மூடப்பட்டு, இரண்டு வருடம் கழித்து ஒரு பழைய மின்நிலையத்தில் மீண்டும் திறந்தது. இன்றும் நடக்கிறது.

டோக்கியோவின் அந்த 28-ம் தேதி

டெக்னோ ரசிகர்களிடம் 'ஒரே ஓர் இரவைச் சொல்லுங்கள்' என்று கேட்டால் பலரும் சொல்லும் பதில் இது: 1995 அக்டோபர் 28, டோக்கியோவின் ஷின்ஜுகு பகுதியில் 'லிக்விட் ரூம்' கிளப். அன்று மில்ஸ் வாசித்ததைப் பதிவு செய்து அடுத்த ஆண்டு சிடியாக வெளியிட்டார்கள். ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமான அந்தப் பதிவில் முப்பதுக்கும் மேற்பட்ட இசைத் துண்டுகள் வந்து போகின்றன. சராசரியாக இரண்டு நிமிடத்துக்கு ஒன்று.

அதைச் சிறப்பாக்குவது துல்லியம் மட்டுமல்ல. கேட்டால் தெரியும், அதில் தப்புகளும் இருக்கின்றன. ஊசி தட்டில் உரசும் சத்தம், ஒரு கணம் பிசகி மீண்டும் கூடும் தாளம், கூட்டத்தின் கூச்சல். ஸ்டூடியோவில் உட்கார்ந்து இவற்றையெல்லாம் துடைத்திருக்கலாம். துடைக்கவில்லை. கம்பி மேல் நடப்பவர் கொஞ்சம் ஆடும்போதுதான், கீழே வலை இல்லை என்பது நமக்கு உறைக்கும். இதுவும் அப்படித்தான்.

மில்ஸின் மிகப் புகழ்பெற்ற படைப்பான 'தி பெல்ஸ்' இதே 90-களில் வந்ததுதான். பெயருக்கேற்ற மாதிரி மணியோசை போன்ற ஒரு சிறிய சுரக்கோவை. திரும்பத் திரும்ப அதே சில ஸ்வரங்கள். இன்றும் அவர் அதை எடுக்கும் கணத்தில், முதல் மணியிலேயே அரங்கம் அதிரும். எத்தனை கச்சேரி கேட்டாலும் கடைசியில் அந்த ஒரு பாட்டுக்காகக் காத்திருக்கும் ரசிகர்கள் எல்லா ஊரிலும் உண்டே!

2025-ல் அந்த டோக்கியோ இரவுக்கு 30 வயது நிறைந்துவிட்டது. இது பெருமை மட்டுமல்ல, சுமையும்தான். மில்ஸ் எங்கே வாசித்தாலும், வருகிறவர்களில் பாதிப்பேரின் காதில் அந்தப் பழைய பதிவு ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும். 32 வயதில் தான் செய்ததோடு, அறுபது வயதில் அவரே போட்டி போட வேண்டும்.

தோற்றுப்போன மெஷின், ஜெயித்த மனிதர்

இப்போது அந்தச் சாம்பல் நிறப் பெட்டிக்கு வருவோம். ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் 1983-ல் டிஆர்-909 தாள மெஷினை விற்பனைக்குக் கொண்டுவந்தது. வாத்தியக்காரர் இல்லாதபோது, ட்ரம்ஸுக்குப் பதிலாக வைத்துக்கொள்ளலாம் என்பதுதான் நோக்கம். ஆனால், அதன் சத்தம் நிஜ ட்ரம்ஸ் போல இல்லை. வாங்க ஆள் இல்லை. சுமார் பத்தாயிரம் பெட்டிகளோடு தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். பழைய பொருள் கடைகளில் குறைந்த விலைக்கு வந்தது. டெட்ராய்ட், சிகாகோ இளைஞர்கள் வாங்கிப்போனார்கள். நிஜ ட்ரம்ஸ் போல இல்லாததுதான் அதன் அழகு என்று கண்டுபிடித்தவர்கள் இவர்கள்.

பெட்டியின் கீழ்ப்பகுதியில் வரிசையாக 16 பட்டன்கள். ஒரு தாள வட்டத்தின் 16 இடங்கள் அவை. எந்தப் பட்டனை அழுத்துகிறோமோ அந்த இடத்தில் அடி விழும். நிமிடத்துக்கு 135 அடி என்ற டெக்னோ வேகத்தில், 16 இடமும் சுற்றி முடிய இரண்டு நொடிகூட ஆகாது. பெரும்பாலானவர்கள் தாளத்தை வீட்டிலேயே தயார் செய்து, பதிந்துவைத்துக்கொண்டு மேடைக்கு வருவார்கள்.

மில்ஸ் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே, கூட்டத்தின் எதிரிலேயே, விரலால் அடியைச் சேர்ப்பார், எடுப்பார், இடம் மாற்றுவார். கடம் வாசிப்பவர் ஒரே பானையின் கழுத்து, வயிறு, வாய் என்று ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொரு நாதம் எடுப்பார் அல்லவா? அதுபோல, மனிதர் கை படாமல் இயங்க வேண்டும் என்று செய்த பெட்டியை, அவர் கை படாமல் இயங்காத வாத்தியமாக மாற்றிவிட்டார். 2004-ல் வந்த 'எக்ஸிபிஷனிஸ்ட்' என்ற டிவிடியில் பல கேமராக்கள் அவருடைய கைகளைப் பின்தொடர்ந்தன. 2015-ல் இரண்டாம் பாகமும் வந்தது. பட்டன் அமுக்குவதில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது.

இன்றைய மென்பொருள்களில் 'சிங்க்' என்று ஒரு வசதி இருக்கிறது. அழுத்தினால் இரண்டு பாட்டின் வேகத்தையும் கம்ப்யூட்டரே சரிசெய்துவிடும். பல வருடம் பழக வேண்டிய வித்தை ஒரே நொடியில் முடிந்துவிடும். அப்புறம் கையால் எதற்கு? கேட்பவருக்கு வித்தியாசம் தெரியுமா? நேர்மையாகச் சொன்னால், பல நேரம் தெரியாது. ஆனால், பிசகுவதற்கு வாய்ப்பு இருக்கும் இடத்தில்தான் டிஜேயின் காது முழு விழிப்போடு இருக்கிறது. கூட்டம் தளர்கிறதா, ஏறுகிறதா என்று அந்தக் காதுக்குத்தான் தெரிகிறது. கம்ப்யூட்டர் வேகத்தைச் சரிசெய்யும். விடியற்காலை நான்கு மணிக்குக் களைத்து நிற்கும் ஐந்நூறு பேருக்கு இப்போது என்ன வேண்டும் என்பதை, அதே அறையில் விழித்துக்கொண்டு நிற்கும் ஒருவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

மிருதங்கம் காத்திருக்கும், மெஷின் காத்திருக்காது

புகழ் வந்த பிறகு பலர் அதையே திரும்பச் செய்து காலத்தை ஓட்டுவார்கள். மில்ஸ் வேறு வேறு கதவுகளைத் தட்டினார். 1927-ல் ஃபிரிட்ஸ் லாங் எடுத்த மௌனப் படமான 'மெட்ரோபோலிஸ்'க்கு 2000-ல் புதிதாகப் பின்னணி இசை அமைத்தார். மெஷின்களுக்கு அடிமையாகிப்போன தொழிலாளர்களின் கதை அது. டெட்ராய்ட்காரருக்கு அதைவிடப் பொருத்தமான படம் கிடைக்குமா?

2005 ஜூலை 2. தெற்கு பிரான்ஸில் ரோமானியர்கள் கட்டிய கால்வாய்ப் பாலமான பான் டு கார் அருகே மேடை. மோன்பெல்லியே நகரின் சிம்பொனி இசைக்குழு ஒரு பக்கம், மில்ஸும் அவருடைய மெஷினும் இன்னொரு பக்கம். அவருடைய டெக்னோவை வயலினுக்கும் ஊதுகுழல்களுக்கும் ஏற்றபடி மாற்றி எழுதியவர் பிரெஞ்சு இசையமைப்பாளர் தாமா ரூசெல்.

இதில் உள்ள சிக்கலைக் கச்சேரி கேட்பவர்கள் உடனே புரிந்துகொள்வார்கள். பாடகர் ஓர் இடத்தில் கொஞ்சம் இழுத்தால் மிருதங்கக்காரர் காத்திருந்து சேர்ந்துகொள்வார். மெஷின் யாருக்காகவும் காத்திருக்காது. அத்தனை வாத்தியக்காரர்களும் அதன் கடிகாரத்துக்குள் வந்தாக வேண்டும். அதே நேரம், இசை உயிரோடும் இருக்க வேண்டும். அந்த இரவு அது நடந்தது. எலெக்ட்ரானிக் கலைஞரும் சிம்பொனியும் சேர்ந்து மேடையேறுவது இன்று சகஜம். அதற்குப் பாதை போட்ட கச்சேரிகளில் இது முக்கியமானது.

2007-ல் பிரான்ஸ் அரசு அவருக்குக் கலை இலக்கியத்துக்கான செவாலியே விருது கொடுத்தது. நம் சிவாஜி கணேசன் பெற்ற செவாலியேயும் இதே கலை இலக்கிய வரிசையில் வருவதுதான். 2017-ல் மில்ஸுக்கு அதற்கு அடுத்த படியான ஆஃபீசியே கௌரவமும் கிடைத்தது.

நைஜீரியாவின் ஆஃப்ரோபீட் தாளத்துக்கு அடித்தளம் போட்ட ட்ரம்மர் டோனி ஆலனுடன் சேர்ந்து 2018-ல் இசைத்தட்டு வெளியிட்டார் மில்ஸ். தன்னைவிடப் பெரியவரின் நிஜ ட்ரம்ஸுக்குப் பக்கத்தில் 909-ஐ வைத்து, முன்கூட்டி எழுதிவைக்காமல் அங்கேயே யோசித்து வாசித்தார். 2020-ல் ஆலன் காலமானார். அந்தக் கூட்டணியின் பெயரை மில்ஸ் கைவிடவில்லை. கீபோர்டுக்கு ஜான்-ஃபி டாரி, தாளத்துக்குப் பிரபு எடுவார் என்று தொடர்ந்தார். பிரபு எடுவார் பிரான்ஸில் வாழும் இந்திய வம்சாவளித் தபேலா கலைஞர், கொல்கத்தாவின் சங்கர் கோஷிடம் பயின்றவர். மூவரும் சேர்ந்து 2023-ல் ஆல்பம் வெளியிட்டார்கள். ஜப்பான் பெட்டியும் நம் ஊர்த் தபேலாவும் பேசிக்கொள்வதை அதில் கேட்கலாம்.

முதல் முறை போகிறீர்களா?

வெளிநாட்டில் படிக்கும், வேலை பார்க்கும் நம் பிள்ளைகளுக்கு இப்படி ஓர் இரவு எதிர்ப்படலாம். போவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை கொஞ்சம் இருக்கின்றன.

* காது: இது முதல் கவலை. கச்சேரி, கிளப் போன்ற இடங்களில் சராசரி ஒலி அளவு 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2022-ல் பரிந்துரைத்தது. அந்த அளவே நீண்ட நேரத்துக்கு அதிகம். இயர்பிளக் போட்டுக்கொள்வது கௌரவக் குறைச்சல் இல்லை. ஸ்பீக்கருக்கு நேர் எதிரில் நிற்க வேண்டாம். அவ்வப்போது வெளியே வந்து காதுக்கு ஓய்வு கொடுங்கள். மறுநாளும் காதில் 'கொய்ங்' என்று இரைச்சல் நின்றால் மருத்துவரைப் பாருங்கள்.

* செல்போன்: பெர்லினின் பல கிளப்களில் நுழையும்போதே போன் கேமரா மேல் ஸ்டிக்கர் ஒட்டிவிடுவார்கள். அதைப் பிய்த்துப் படம் எடுத்தால் வெளியே அனுப்பிவிடவும் செய்வார்கள். ஒரு இரவாவது போனைப் பைக்குள் போட்டு வைப்பது அந்த ஊரின் மரியாதை.

* உடம்பு: இரவு நீளமானது. சாப்பிட்டுவிட்டுப் போங்கள், தண்ணீர் குடித்துக்கொண்டே இருங்கள். தெரியாதவர் கொடுக்கும் எதையும் வாங்க வேண்டாம். நண்பர்களோடு போய், நண்பர்களோடே திரும்புங்கள். கடைசி ரயில் எப்போது, முதல் ரயில் எப்போது என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

* பொறுமை: முதல் இருபது நிமிடம் 'என்ன இது, ஒரே மாதிரி இருக்கிறதே' என்று தோன்றும். எல்லாருக்கும் தோன்றும். அடித்தாளத்தை விட்டுவிட்டு, அதன் மேல் சன்னமாக ஓடும் சத்தங்களைக் கவனியுங்கள். ஒன்று வரும், ஒன்று போகும். வருவதும் போவதும் பிடிபட்டுவிட்டால் பிறகு கால் தானாக நகரும்.

வீட்டிலிருந்தே கேட்க விரும்புகிறவர்கள் 'தி பெல்ஸ்' இசையில் தொடங்கலாம். அடுத்து, டோக்கியோ லிக்விட் ரூம் பதிவை இரவில் விளக்கணைத்துவிட்டு முழுதாகக் கேளுங்கள். பிறகு அந்தச் சிம்பொனிக் கச்சேரி. தாத்தா பாட்டியோடு உட்கார்ந்து பார்க்க உகந்தது கடைசியில் சொன்னதுதான்.

அடுத்த இரவுக்கு

விளையாட்டு வீரருக்கு முப்பத்தைந்தில் ஓய்வு. டிஜேக்கு எத்தனை வயதில்? இந்தக் கேள்விக்கு இன்னும் யாருக்கும் விடை தெரியாது. ஏனென்றால், இந்தத் தொழில் தொடங்கி முழுதாக முதுமையை எட்டும் முதல் தலைமுறையே மில்ஸின் தலைமுறைதான். ஊர் ஊராகப் பயணம், நேரம் மாறிய தூக்கம், வாரம் தவறாத இரைச்சல். உடம்பு எவ்வளவு தாங்கும் என்பதை அவர்கள்தான் வாழ்ந்து காட்ட வேண்டியிருக்கிறது.

வசதியான பாதை ஒன்று அவருக்குத் திறந்தே இருக்கிறது. பழைய வெற்றிகளை வரிசையாகப் போட்டுக் கைதட்டல் வாங்கிக்கொண்டு போகலாம். ஆனால், மேஜையில் அந்த 909 இருக்கும் வரை அது நடக்காது. அதில் இன்றைக்கு அழுத்தும் அடி, இன்றைய கூட்டத்தைப் பார்த்து இன்றைக்குத் தோன்றியதாகத்தான் இருக்க முடியும். நேற்றைய தாளத்தை அழித்துவிட்டுத்தான் இன்றைய தாளத்தை எழுத வேண்டும்.

அடுத்த இரவிலும் அதே 16 பட்டன்கள்தான். அவற்றில் எது எப்போது ஒளிரும் என்பது, அந்த மேஜைக்கு முன்னால் நின்று ஆடப்போகிறவர்களுக்குத்தான் தெரியும்!